வீட்டில் செய்த கிற்றார் பெடல் பேசாமற் போனால்...



இந்தப் பக்கத்தில் வழக்கமாக அடுப்பு, ரோர்ச், இஸ்திரிப் பெட்டி என்று வீட்டுச் சாமான்களைத் திருத்தும் வழிகளைத்தான் எழுதி வருகிறோம். இம்முறை கொஞ்சம் வேறு விதமான ஒரு சாமான். இசைக்குழு வைத்திருக்கும் நம் இளைஞர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். மற்றவர்களும் வாசியுங்கள். இதில் சொல்லப்படும் ஒழுங்கு எந்த மின்சாமானுக்கும் பொருந்தும். உயிர் சம்பந்தமான ஒரு விசயமும் இதில் இருக்கிறது.

நாம் கல்முனைப் பக்கத்து ஆள். வேலை பதுளைப் பக்கத் தோட்டமொன்றில். அங்கே பெக்டரியில் வேலை செய்யும் ஒரு தம்பி கிற்றார் வாசிப்பார். கடையில் பெடல் வாங்கக் காசு காணாது. ஆகவே சாமான்களைத் தேடி எடுத்து, ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் வைத்துத் தானே ஒன்றைச் செய்துவிட்டார். சில மாதம் நன்றாக வேலை செய்தது. பிறகு 'உம்' என்று முனகத் தொடங்கியது. யாரோ சொன்னதைக் கேட்டு அம்பிளிபயர் பிளக்கின் எர்த் ஊசியை வெட்டிவிட்டார். முனகல் நிற்கவில்லை. ஒத்திகையில் மைக்கில் உதடு பட்டதும் ஆளைத் தூக்கி எறிந்தது. தெய்வாதீனமாகத் தப்பினார். அதன் பிறகு பெடலும் ஊமையாகிப் போனது. கோயில் திருவிழாவுக்கு இருந்தது இரண்டு கிழமைதான்.

அவருடைய அப்பா நம்மிடம் வந்து, "அந்தக் குப்பையத் தூக்கி வீசச் சொல்லுங்கய்யா, புள்ள செத்துப் போயிருவான்" என்று அழுதார். வீசச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. லீவுக்கு ஊருக்குப் போகும்போது தம்பியையும் பெட்டியையும் கூட்டிக்கொண்டு போனோம். கல்முனையில் நமக்குத் தெரிந்த பழைய றேடியோத் திருத்துநர் ஒருவர் இருக்கிறார். ஊரில் எல்லாருக்கும் அவர் 'றேடியோக் காக்கா'. அவரிடம் அன்று பின்னேரம் கற்றதைத்தான் இங்கே பாடமாகத் தருகிறோம்.

1. இந்தப் பெட்டி என்ன செய்கிறது?

மின் கிற்றாரின் கம்பிக்குக் கீழே காந்தமும் சுருளும் இருக்கின்றன. கம்பி அதிரும்போது மிகச் சிறிய மின்சைகை பிறக்கிறது. அதை அம்பிளிபயர் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கிறது. இடையில் பெடலை வைத்தால், அது அந்தச் சைகையை அளவுக்கு மீறிப் பெருக்குகிறது. பற்றரி 9 வோல்ற்தான் என்பதால் அலை ஓரெல்லைக்கு மேல் உயர முடியாது. அலையின் தலையும் அடியும் வெட்டுப்படுகின்றன. அந்த வெட்டுத்தான் கரகரப்பான, நீண்டு நிற்கும் 'ஃபஸ்' சத்தம்.

இந்தச் சத்தமே ஒரு பழுதிலிருந்து பிறந்தது என்பதை அறிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ரொபின்ஸ் என்பவரின் பாட்டை ஒலிப்பதிவு செய்தபோது, கருவியின் ஒரு பகுதி கெட்டுப்போய், கிரேடி மார்ட்டின் வாசித்த கிற்றார் கரகரத்தது. அதை அழிக்காமல் அப்படியே விட்டார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னொடி அந்தச் சத்தத்தை வேண்டுமென்றே உண்டாக்கும் ஒரு சுற்றை அமைத்தார். அது 1962இல் 'மாஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்று விற்பனைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அதை ஒரு பாட்டில் பாவிக்க, உலகமெல்லாம் பரவியது. 1966இல் இங்கிலாந்தில் வந்த 'ஃபஸ் ஃபேஸ்' பெடலை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் காலால் மிதித்துப் புகழ் பெற்றார்.

நம் நாட்டிலும் கிற்றார் புதிதல்ல. மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் வயலினோடும் கிற்றாரோடும் பைலாப் பாட்டு வாழ்ந்தது. 1970களில் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்தும் போனது. ஆகவே நம் பிள்ளைகள் கிற்றார் எடுப்பதை வீண் வேலை என்று சொல்லிவிட வேண்டாம்.

தம்பி செய்தது அந்த 'ஃபஸ் ஃபேஸ்' சுற்றுத்தான். இரண்டு ட்ரான்சிஸ்டர், கடையில் றெசிஸ்டர் என்று கேட்டு வாங்கும் தடையி நான்கு, கப்பாசிற்றர் எனும் கொள்ளளவி மூன்று, திருகு இரண்டு. இவ்வளவுதான். எண்ணிப் பார்த்தால் பதினொன்று. பதினொரு சாமானுக்குள் பழுதைப் பிடிப்பது பெரிய வித்தையல்ல. ஒழுங்கு வேண்டும், அவ்வளவே.

2. முதலில் உயிர்

காக்கா பெட்டியைத் திறக்க முதலே கேட்ட கேள்வி: "எர்த்து ஊசிய ஏன் மகன் வெட்டினா?"

"சத்தம் கொறையும்னு சொன்னாங்கய்யா."

"ஐயா எல்லாம் வேணாம், காக்கா எண்டு கூப்பிடு. சத்தம் குறையும், ஆளும் குறையும். முதல்ல அந்தப் பிளக்க மாத்து. மறுகாதான் பெட்டி."

எர்த் இல்லாத அம்பிளிபயருக்குள் ஏதும் கசிவு ஏற்பட்டால், அந்த மின்சாரம் உலோக உடலுக்கும், வயர் வழியாகக் கிற்றார்க் கம்பிக்கும் வருகிறது. மைக்கோ வேறொரு கருவியில் எர்த்தோடு இருக்கிறது. கை கம்பியிலும் உதடு மைக்கிலும் படும்போது மின்சாரம் நெஞ்சின் வழியாகப் பாய்கிறது. 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில் லெஸ்லி ஹார்வி என்ற கிற்றார்க் கலைஞர், சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். அவர் ஒன்றும் தெரியாதவர் அல்ல, பேர்போன கலைஞர்.

ஆகவே நான்கு விதி:

• எர்த் ஊசியை வெட்டாதீர்கள். இரண்டு ஊசி பிளக்கைப் பேனை முனையால் குத்தித் திறந்து செருகும் பழக்கத்தையும் விடுங்கள்.

• அம்பிளிபயர், மிக்சர் எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே இடத்திலிருந்து எடுங்கள். முனகல் பாதி அதிலேயே நிற்கும்.

• டிரிப் சுவிச்சின் பரீட்சைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம். உடனே மின்வேலை தெரிந்தவருக்கு அறிவியுங்கள்.

• பெடலைப் பற்றரியில் வைத்தே திருத்துங்கள். 9 வோல்ற் ஆளைக் கொல்லாது. அம்பிளிபயரை நீங்கள் திறக்க வேண்டாம். வால்வ் வைத்த அம்பிளிபயருக்குள் நூற்றுக்கணக்கான வோல்ற், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொள்ளளவிகளில் தங்கியிருக்கும்.

3. வெளியிலிருந்து உள்ளே

நம்மில் பலர் சத்தம் வராவிட்டால் உடனே பெட்டியை உடைத்து, ஈயக்கோலைச் சூடாக்கிவிடுகிறோம். காக்கா சொன்னது: "கேபிளப் பாரு. மறுகா பற்றரியப் பாரு. மறுகா கண்ணால பாரு. ஈயக்கோல் கடைசி."

முதலாம் படி: பெடலை விலக்கிவிட்டு, கிற்றாரை நேரே அம்பிளிபயருக்குக் கொடுங்கள். ஒரு கேபிளால் பாருங்கள், பிறகு மற்றக் கேபிளால் பாருங்கள். வாசித்துக்கொண்டே கேபிளின் இரு முனையையும் ஆட்டுங்கள். கறகற என்றால் பழுது அங்கேதான். பெடல் பழுது என்று கொண்டுவரப்படுபவற்றில் கேபிள் பழுதும் நிறைய என்றார் காக்கா.

இரண்டாம் படி: பெடலை நடுவில் வைத்துக் கால் சுவிச்சை அமத்துங்கள். ஒரு நிலையில் கிற்றாரின் இயல்பான சத்தம் வர வேண்டும். அது வந்தால் இரண்டு ஜக்கும் அவற்றுக்குப் போகும் வயரும் நலம். பழுது சுற்றிலோ, பற்றரியிலோ, சுவிச்சின் மற்றப் பக்கத்திலோ இருக்கிறது. இரு நிலையிலும் ஊமை என்றால் முதலில் ஜக்கையும் சுவிச்சையும் சோதியுங்கள்.

மூன்றாம் படி: பற்றரி. இந்தச் சுற்று எடுப்பது ஏறக்குறைய 1 மில்லியம்பியர்தான். நல்ல பற்றரி மாதக்கணக்கில் தாங்கும். ஆனால் பெரும்பாலான பெடல்களில் உள்வரும் ஜக்தான் பற்றரிச் சுவிச். கேபிளைச் செருகியதும் பற்றரியின் கழித்தல் முனை தொடுபடும். இரவெல்லாம் கேபிளைச் செருகியே வைத்தால் பற்றரி வீணாகச் சாகும். அதேபோல, அந்த இடத்தில் மூன்று முனையுள்ள ஸ்ரீரியோ ஜக் இருக்க வேண்டும். இரு முனை ஜக்கைப் போட்டால் இந்தச் சுவிச் வேலை செய்யாது. கேபிளைச் செருகி வைத்துக்கொண்டு, பற்றரி முனையிலல்ல, உள்ளே தகட்டுக்கு வந்து சேரும் இடத்தில் அளவுங்கள். 7 வோல்ற்றுக்குக் கீழே என்றால் மாற்றுங்கள்.

அடப்டர் பாவிப்பவர்கள் முனையின் கூட்டல் கழித்தலைப் பாருங்கள். பெரும்பாலான கடைப் பெடல்களுக்கு நடு முனை கழித்தல். பல வீட்டு அடப்டர்களுக்கு நடு முனை கூட்டல். மாறிக் கொடுத்தால் ட்ரான்சிஸ்டர் போகும்.

நான்காம் படி: கண். நல்ல வெளிச்சத்தில் தகட்டைப் பாருங்கள். பற்றாசு பிடித்த இடம் மினுங்க வேண்டும். மங்கலாக, உருண்டை பிடித்துக் கிடந்தால் அது பிடிக்கவில்லை. மறுபடி சூடாக்குங்கள். இரண்டு இடத்தை ஈயத்துளி ஒன்று இணைத்திருக்கிறதா? தடையிகளின் நிறக்கோடு சரியா? 33 கிலோ ஓம் என்றால் மூன்று செம்மஞ்சள். 100 கிலோ ஓம் என்றால் மண்ணிறம், கறுப்பு, மஞ்சள். 8.2 கிலோ ஓம் என்றால் சாம்பல், சிவப்பு, சிவப்பு. 470 ஓம் என்றால் மஞ்சள், ஊதா, மண்ணிறம். உள்வரும் 2.2 மைக்ரோ பரட் கொள்ளளவியின் கூட்டல் பக்கம் ட்ரான்சிஸ்டர் பக்கமாக இருக்க வேண்டும்.

4. மீற்றர் சொன்ன உண்மை

தம்பியின் பெட்டியில் கேபிள் நலம், பற்றரி 9 வோல்ற், நிறக்கோடு சரி. அப்போதுதான் காக்கா பல்மானியை எடுத்தார். மல்ரிமீற்றர் என்று கேட்டால் கடையில் தருவார்கள். நேரோட்ட 20 வோல்ற் இலக்கத்தில் வைத்து, கறுப்பு முனையைப் பற்றரியின் கழித்தல் பக்கத்தில் கௌவ வைத்து, சிவப்பு முனையால் ட்ரான்சிஸ்டரின் ஒவ்வொரு காலையும் தொட்டார்.

பாடசாலைப் புத்தகத்தில் இந்தக் கால்களைக் காலி, அடி, சேகரிப்பான் என்பார்கள். பட்டறையில் எமிற்றர், பேஸ், கலெக்டர். சிலிக்கன் ட்ரான்சிஸ்டர் போட்ட நல்ல சுற்றில் ஏறக்குறைய இப்படி இருக்க வேண்டும்:

முதல் ட்ரான்சிஸ்டர்: எமிற்றர் 0, பேஸ் 0.6, கலெக்டர் 1.3 வோல்ற்.

இரண்டாம் ட்ரான்சிஸ்டர்: பேஸ் 1.3, எமிற்றர் 0.7, கலெக்டர் 3 முதல் 5 வோல்ற்.

தம்பியின் பெட்டியில் வந்தது: முதலாவதின் பேஸ் இடத்தில் 1.1, கலெக்டர் இடத்தில் 1.8. இரண்டாவதின் எமிற்றரில் 1.1, கலெக்டரில் 1.2.

காக்கா சிரித்தார். "முதலாவது நித்திரை மகன். இரண்டாவதுக்கு மூச்சு முட்டுது."

விளக்கம் இதுதான். சிலிக்கன் ட்ரான்சிஸ்டர் ஒன்று வேலை செய்யும்போது பேஸுக்கும் எமிற்றருக்கும் இடையே 0.6 அல்லது 0.7 வோல்ற்தான் நிற்கும். அதற்கு மேல் ஏற அது விடாது. எமிற்றர் 0வில் இருக்கும்போது பேஸில் 1.1 வந்தால், அந்த இடத்தில் பேஸ் உண்மையில் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். முதலாவது மின்சாரம் எடுக்காததால், 33 கிலோ ஓம் வழியாக வரும் முழு மின்னோட்டமும் இரண்டாவதின் பேஸுக்குள் போகிறது. அது முற்றாகத் திறந்துவிடுகிறது. அதன் கலெக்டரும் எமிற்றரும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிட்டன. இனி அலை மேலும் கீழும் ஆட இடமில்லை. அதனால்தான் ஊமை.

"முதலாவத மாத்தினியா?"

"ஆமாங்க காக்கா. பழசு கால் இத்துப் போச்சு. ஒடஞ்ச ரேடியோல இருந்து ஒண்ணு எடுத்துப் போட்டேன். ரெண்டும் என்.பி.என். தானுங்களே?"

"மூணு கால் இருந்தா எல்லாம் ஒண்டா மகன்?"

பழையது பீசி 547. புதியது ஜப்பான் றேடியோக்களில் நிறையக் கிடைக்கும் சி 1815. இரண்டும் நல்ல சாமான், வேலையும் ஒன்றுதான். ஆனால் கால் ஒழுங்கு வேறு. தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால் கீழே இருக்கப் பிடித்தால், இடமிருந்து வலமாக:

பீசி 547: கலெக்டர், பேஸ், எமிற்றர்.

2 என் 3904: எமிற்றர், பேஸ், கலெக்டர்.

சி 1815: எமிற்றர், கலெக்டர், பேஸ்.

இந்த மூன்று வரியையும் வெட்டிச் சுவரில் ஒட்டி வையுங்கள். காக்கா புதிய சாமான் எதுவும் போடவில்லை. அதே சி 1815ஐக் கழற்றி, நடுக்காலை இடது ஓட்டைக்கும், வலது காலை நடு ஓட்டைக்கும், இடது காலை மற்ற இரண்டையும் கடந்து வலது ஓட்டைக்கும் கொடுத்தார். கடந்து போகும் காலுக்கு வயரின் மேலுறையைச் சிறிது உரித்துப் போட்டார், மற்றக் கால்களில் படாமலிருக்க. பற்றாசு பிடிக்கும்போது காலைக் குறட்டால் பிடித்தார், சூடு மேலே ஏறாமலிருக்க. மறுபடி அளந்தபோது இலக்கங்கள் இடத்துக்கு வந்தன. தம்பி கம்பியைத் தட்டினார். கடை அதிர்ந்தது.

5. மீற்றர் இல்லாவிட்டால்?

அதற்கும் வழி உண்டு. பழைய கிற்றார்க் கேபிள் ஒன்றின் ஒரு முனையை வெட்டி, நடு வயரில் 0.1 மைக்ரோ பரட் கொள்ளளவி ஒன்றைப் பற்ற வையுங்கள். சுற்றியுள்ள வலை வயரைப் பெடலின் கழித்தல் பக்கத்தில் இணையுங்கள். மற்ற முனை அம்பிளிபயருக்கு. சத்தத்தைக் குறைத்து வையுங்கள். கூட்டாளி ஒருவர் பெடலுக்குள் கிற்றாரை வாசிக்கட்டும். நீங்கள் கொள்ளளவியின் முனையால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டு போங்கள்: உள்வரும் ஜக், முதல் பேஸ், முதல் கலெக்டர், இரண்டாம் கலெக்டர், வெளிவரும் கொள்ளளவி, சத்தத் திருகு. எந்த இடம்வரை கேட்டு, எந்த இடத்தில் நிற்கிறதோ, பழுது அந்த இரண்டுக்கும் நடுவில். பீலியில் தண்ணீர் வராவிட்டால் குழாய் வழியே நடந்து பார்ப்பதைப் போலத்தான் இதுவும்.

6. மற்றப் பழுதுகள்

முனகல்: உலோகப் பெட்டி கழித்தல் பக்கத்தோடு தொடுபட வேண்டும். தம்பியின் பிஸ்கற் ரின்னில் பெயின்ற் இருந்ததால் ஜக்கின் நட் உலோகத்தில் படவேயில்லை. காக்கா கத்தியால் பெயின்றைச் சுரண்டி நட்டை இறுக்கினார். முனகல் அடங்கியது. ஓர் ஊசியை வெட்டி உயிரைப் பணயம் வைத்ததற்கு மருந்து, ஒரு சத அளவு பெயின்றைச் சுரண்டுவதுதான்.

திருகைத் திருப்பும்போது கறகற: உள்ளே தூசி. அதற்கென்று விற்கும் துப்புரவுத் திரவத்தைச் சிறிது விட்டு இருபது முறை இரு பக்கமும் திருப்புங்கள். தேங்காயெண்ணெய் விடாதீர்கள்.

கூவுதல்: உள்வரும் வயரும் வெளிவரும் வயரும் அருகருகே ஓடினால் கூவும். பிரித்து வையுங்கள்.

றேடியோ கேட்பது: சில பெடல்களில் வானொலி நிலையம் மெல்லக் கேட்கும். முதல் ட்ரான்சிஸ்டரின் பேஸுக்கும் கலெக்டருக்கும் குறுக்கே 100 பிக்கோ பரட் கொள்ளளவி ஒன்று வைத்தால் பெரும்பாலும் நிற்கும்.

துருவும் பூஞ்சணமும்: கல்முனையில் உப்புக் காற்று, நமக்கு மலையில் பனியும் ஈரமும். இரண்டும் சாமானின் காலைத் தின்னும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பிறகு, உப்புநீரில் கிடந்த றேடியோக்களைக் காக்கா மழைத் தண்ணீரில் கழுவி, நிழலில் நாட்கணக்காகக் காயவைத்துத்தான் தொட்டாராம். "நனைஞ்சது கெடுக்கல்ல மகன். உப்போட மின்சாரம் விட்டதுதான் கெடுத்தது" என்றார். பெட்டியை உலர்ந்த இடத்தில் வையுங்கள். பாவிக்காத நாட்களில் பற்றரியைக் கழற்றுங்கள், அது ஒழுகினால் எல்லாம் போச்சு.

7. கடைசியாக ஒரு வார்த்தை

நாம் வெளிக்கிடும்போது காக்கா காசு வாங்கவில்லை. பெட்டி மூடியின் உட்பக்கத்தில் பென்சிலால் அந்த ஆறு இலக்கங்களையும் தம்பியின் கையாலேயே எழுத வைத்தார். "நல்லா இருக்கக்குள்ள அளந்து எழுதி வை. கெட்ட நாளைக்கு அதுதான் உனக்கு வாத்தியார்." இது பெடலுக்கு மட்டுமான புத்தியல்ல.

திருவிழா நடந்தது. தம்பி மூன்று ஊசி பிளக்கோடு வாசித்தார். அப்பா முன் வரிசையில் இருந்தார். இப்போது லயத்தில் றேடியோ, ரோர்ச் கெட்டால் பிள்ளைகள் அவரிடம்தான் கொண்டு போகிறார்கள்.

இப்படிக் கைத்தொழில் தெரிந்தும் சான்றிதழ் இல்லாத இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறீர்கள். சாதாரண தரம் சித்தியடையவில்லை என்று ஒதுங்காதீர்கள். தொழிற்பயிற்சி அதிகார சபையிலும், நைட்டா என்று நாம் சொல்லும் நிறுவனத்திலும் பயிற்சிகள் உண்டு. ஏற்கனவே தெரிந்த தொழிலைச் சோதித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடும் உண்டு. விபரம் வேண்டுவோர் தங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரைக் கண்டு பேசுங்கள். படிவம் நிரப்ப நாம் உதவுவோம்.

வாசித்தவர்கள் யோசிக்க:

1. பெடலைத் திறக்க முதல் செய்ய வேண்டிய மூன்று சோதனைகள் எவை?

2. கேபிளை இரவெல்லாம் செருகி வைத்தால் பற்றரி ஏன் சாகிறது?

3. எமிற்றர் 0 வோல்ற், பேஸ் 1.1 வோல்ற் என்றால் மீற்றர் நமக்கு என்ன சொல்கிறது?

4. பீசி 547 இருந்த இடத்தில் 2 என் 3904 போடுவதானால் அதை எப்படித் திருப்பிப் போட வேண்டும்?

5. முனகலுக்காக எர்த் ஊசியை வெட்டச் சொல்பவருக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

ஐந்தாவது கேள்விக்கான பதிலை மட்டும் இன்றே வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். மற்றவை ஆறுதலாக இருக்கட்டும்.